பழைய காரின் ஆயில் கசிவு: இடமறிதலும் பழுதுநீக்கமும்

கார் எஞ்சினுக்குள் எண்ணெய் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடியிலுள்ள ஆயில் சேம்பரிலிருந்து பம்ப் அதை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக அனுப்பி, சிலிண்டர் பிளாக்கில் குடைந்த குறுகிய வழிகளில் செலுத்துகிறது. கிராங்க்ஷாஃப்ட் பேரிங்குகளையும் மேலே இருக்கும் கேம்ஷாஃப்ட்டையும் நனைத்துவிட்டு, எண்ணெய் தன் எடையாலேயே சேம்பருக்கு வடிந்து வந்துசேர்கிறது. எஞ்சின் ஓடும்போது இந்த வழிகளில் எண்ணெயின் அழுத்தம் பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 4 கிலோ வரையும், வெப்பம் 90 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரையும் இருக்கும். இவ்வளவு சூட்டிலும் அழுத்தத்திலும் இருக்கும் எண்ணெய் வெளியே வராமல் தடுப்பவை சில ரப்பர் வளையங்களும், மெல்லிய பேக்கிங்குகளும், கொஞ்சம் பசையும்தான். கார் பழையதாகும்போது எஞ்சினின் உலோகத்துக்கு முன்பே இவை மூப்படைகின்றன.

எண்ணெயை உள்ளே நிறுத்தும் மூன்று தடைகள்

எஞ்சின் ஒரே வார்ப்பு அல்ல. சிலிண்டர் பிளாக், அதன்மேல் ஹெட், ஹெட்டின்மேல் டேப்பெட் கவர், அடியில் சேம்பர் எனப் பல பாகங்களைப் போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். சேரும் முகங்களை எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருக்கத்தான் செய்யும். அவற்றை நிரப்புவது பேக்கிங் என்றும் கேஸ்கட் என்றும் சொல்லப்படும் தகடு. பழைய வண்டிகளில் அது தக்கையாலோ தடித்த காகிதத்தாலோ ஆனது. பிற்கால வண்டிகளில் வார்த்த ரப்பர். சில இடங்களில் தகடே இல்லாமல் சிலிகான் பசை மட்டும் பூசப்படுகிறது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதைப் பெரும்பாலும் அனபாண்ட் என்பார்கள்.

துளைக்குள் செருகி நிற்கும் பாகங்களுக்கு ஓ-ரிங் போடப்படுகிறது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்ற பொறியாளருக்கு 1939இல் இதற்கான அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் வளையத்தை எண்ணெயின் அழுத்தமே ஒரு பக்கமாக நெருக்கி இடைவெளியை அடைக்க வைக்கிறது என்பதுதான் இதன் சிறப்பு.

மூன்றாவது தடை, சுழலும் தண்டுகளைச் சுற்றி இருக்கும் ஆயில் சீல். மற்ற இரண்டும் அசையாத பாகங்களுக்கு நடுவே இருப்பவை. இது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் தண்டின்மேல் உரசியபடி வேலை செய்கிறது. உலோக வளையத்தோடு ஒட்டிய ரப்பர் உதடும், அந்த உதட்டைத் தண்டின்மேல் அழுத்திப் பிடிக்கும் மெல்லிய சுருள் ஸ்பிரிங்கும் இதன் பாகங்கள். உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் எப்போதும் இருக்கும். அது இல்லாவிட்டால் உதடு கருகிவிடும். உதட்டின் இரு பக்கச் சரிவும் சமமாக இல்லாதபடி அமைத்திருப்பதால், தண்டு சுழலச் சுழல அந்த எண்ணெய் உள்நோக்கியே தள்ளப்படுகிறது.

எல்லா எஞ்சினிலும் இப்படிப்பட்ட சீல் இருந்ததில்லை. அம்பாசடர் காரில் நெடுங்காலம் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. அதன் கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் உதடு கிடையாது. தண்டில் வெட்டிய திருகுப் பள்ளம்தான் சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. தண்டு நின்றால் அந்த வேலையும் நின்றுவிடும். ஆகவே நிறுத்திய இடத்தில் ஓரிரு சொட்டு விழுவது அந்த எஞ்சினின் இயல்பு. அதைப் பழுது என்று எண்ணி எஞ்சினைப் பிரித்தால் பலன் கிடைக்காது.

தடைகள் ஏன் தளர்கின்றன

ரப்பர் மூப்படைவதற்கு முதல் காரணம் வெப்பம். சூட்டில் ஆக்சிஜனோடு வினைபுரியும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மேலும் மேலும் பிணைந்து இறுகுகின்றன. மென்மை தருவதற்காகச் சேர்த்த பொருள்கள் எண்ணெயில் சிறுகச் சிறுகக் கரைந்து போகின்றன. நெகிழ்ந்து கொடுத்த வளையம் கடைசியில் நகத்தால் அழுத்தினாலும் அமுங்காத பிளாஸ்டிக் போல ஆகிறது. பல ஆண்டுகள் ஒரே அழுத்தத்தில் இருந்த ஓ-ரிங் வட்ட வடிவம் இழந்து தட்டையாகி, அப்படியே நிலைத்தும் விடுகிறது.

எந்த ரப்பர் என்பதும் முக்கியம். விலை குறைந்த நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி வரை நெடுநாள் தாங்கும். அக்ரிலேட் ரப்பர் 150 டிகிரி வரையிலும், ஃபுளோரோ ரப்பர் 200 டிகிரி வரையிலும் தாங்கும். எஞ்சின் சூடாகி நின்ற வரலாறு உள்ள காரில் சீல்கள் சீக்கிரம் கெடுவதற்கும், ஒரே அளவில் கிடைக்கும் இரண்டு சீல்களின் ஆயுள் வெவ்வேறாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அதில் அமிலம் சேர்ந்து ரப்பரை அரிக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரில் சீலின் உதடு வறண்டு, தண்டோடு ஒட்டிக்கொள்ளும். மறுபடி எடுக்கும்போது கிழியவும் கூடும். தண்டும் தேய்கிறது: உதட்டில் சிக்கிய தூசி, ஓடிய கிலோமீட்டர்கள் ஏற ஏற, எஃகிலேயே மெல்லிய பள்ளம் உண்டாக்கிவிடும்.

உள்ளிருந்து தள்ளும் அழுத்தம்

சீல் கெட்டதால்தான் எண்ணெய் கசிகிறது என்று முடிவு செய்வதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் கீழே இறங்குவது எல்லா எஞ்சினிலும் நடப்பது. பட்டறைகளில் இதைப் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். இந்த வாயுவுக்குப் போக்கிடம் வேண்டும். பழங்கால எஞ்சின்களில் ஒரு குழாய் அதை நேராகச் சாலையில் விட்டது. காற்று மாசைக் குறைப்பதற்காக, கலிபோர்னியாவில் விற்ற 1961 மாடல் கார்களில் அதை மீண்டும் எஞ்சினே உறிஞ்சி எரிக்கும் அமைப்பு வந்தது. பிசிவி வால்வு எனப்படும் சிறு வால்வுதான் அதன் மையம். அது சரியாக இருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறுவதில்லை. ஐட்லிங்கில் லேசான உறிஞ்சுநிலைகூட இருக்கும்.

இந்த வால்வோ, வாயு போகும் பிரீதர் குழாயோ கசடு பிடித்து அடைத்துக்கொண்டால், உள்ளே சேரும் வாயு எண்ணெயை எல்லாச் சீல்களின் வழியாகவும் வெளியே தள்ளும். புது சீல் போட்டாலும் சில வாரங்களில் அதே இடமோ வேறோர் இடமோ நனையும். ஒரே நேரத்தில் நான்கைந்து இடங்கள் ஈரமாகத் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின்மேல் மெல்லிய தாளை வைத்தால், நல்ல எஞ்சினில் தாள் லேசாக உள்ளே இழுபடும் அல்லது பெரிதாக அசையாது. புகையோடு தாள் தூக்கி அடித்தால் அடைப்போ ரிங் தேய்மானமோ இருக்கிறது. அடைப்பை நீக்கிய பிறகும் அழுத்தம் குறையவில்லை என்றால் கம்ப்ரஷன் அளவு பார்க்க வேண்டும். குறைந்த அளவு காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்க்கும்போது அளவு ஏறினால் தேய்ந்தது ரிங்தான். அந்த எஞ்சினில் சீல் மாற்றுவது பாதி வேலையே.

சொட்டுவது எது

காருக்கடியில் ஈரம் என்றாலே எஞ்சின் ஆயில் என்று கொள்ள முடியாது. ஏசி போட்டு ஓட்டிய காரிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர், அது பழுதல்ல. ரேடியேட்டர் கூலன்ட் தண்ணீர் போல நீர்த்து, பச்சை, சிவப்பு, ஆரஞ்சு போன்ற நிறங்களில், லேசான இனிப்பு வாடையோடு இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. சாதாரணக் கியர் ஆயில் கெட்டியாக, கந்தக நெடியோடு இருக்கும். பிரேக் ஆயில் மெலிதாக, நிறம் குறைந்து, பட்ட இடத்தில் பெயின்ட்டை உரிக்கும். அது கசிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. எஞ்சின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ, விரலில் வழவழப்பாக இருக்கும். இரவில் காருக்கடியில் வெள்ளை அட்டையை விரித்து, சக்கரங்களின் இடத்தை அதில் குறித்து வைத்தால், காலையில் நிறமும் அளவும் விழுந்த இடமும் ஒன்றாகத் தெரியும்.

பிறக்கும் இடத்தைத் தேடுதல்

ஓட்டுவீட்டில் மழைநீர் சொட்டும் இடத்துக்கு நேர்மேலே உடைந்த ஓடு இருப்பதில்லை. தண்ணீர் மரச்சட்டத்தோடு ஓடி வேறெங்கோ விழுகிறது. எஞ்சினிலும் அப்படியே. எண்ணெய் கீழ்நோக்கி வடிகிறது. கார் ஓடும்போது அடிக்கும் காற்று அதைப் பின்னோக்கியும் இழுக்கிறது. ஆகவே கசிவைத் தேடும்போது, ஈரமாக இருக்கும் இடங்களில் எது மிக உயரத்தில், எது மிக முன்னால் என்று பார்ப்பதே அடிப்படை விதி. சேம்பரின் அடியில் தொங்கும் சொட்டு சேம்பர் பேக்கிங்கைக் குற்றம் சாட்டினாலும், பல நேரங்களில் அது மேலே டேப்பெட் கவரிலிருந்து இறங்கி வந்ததாகவே இருக்கும்.

எண்ணெயும் தூசியும் சேர்ந்து தடித்துப் போன பழைய எஞ்சினில் இந்த விதியைக் கையாள, முதலில் எஞ்சினைக் கழுவ வேண்டும். ஆறிய எஞ்சினில் ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், காற்று இழுக்கும் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, அழுக்கு கரைக்கும் திரவம் தெளித்து, பிரஷால் தேய்த்து, குறைந்த வேகத் தண்ணீரில் அலசிக் காயவிட வேண்டும். சந்தேகமுள்ள இணைப்புகளின்மேல் டால்கம் பவுடர் தூவி, 20 அல்லது 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச்சோடு பார்த்தால், வெள்ளைப் பவுடரில் எண்ணெய் புறப்பட்ட கோடு தெளிவாகத் தெரியும்.

இதிலும் தெரியாத மெல்லிய கசிவுக்கு, எஞ்சின் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. அதைச் சேர்த்துச் சில நாள் ஓட்டிய பின் புறஊதா விளக்கை அடித்தால் கசிந்த வழி மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். எஞ்சினுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் புகை செலுத்தி, அது எந்த இடுக்கில் வருகிறது என்று பார்க்கும் கருவியும் பெரிய பட்டறைகளில் உண்டு.

வழக்கமான இடங்கள்

1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800 காரின் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொண்டால், பழைய கார்களில் கசிவு வரும் இடங்களில் பெரும்பாலானவற்றை அதில் வரிசையாகக் காணலாம்.

மேலே முதலில் வருவது டேப்பெட் கவர் பேக்கிங். ஹெட்டின் சூடு நேராக இதைத் தாக்குவதால் பெரும்பாலும் முதலில் இறுகுவது இதுதான். இங்கே கசியும் எண்ணெய் சூடான எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் கருகிய வாடையும் நீலப் புகையும் வரும். அடுத்தது, கார்புரேட்டர் மாடல்களில் கேம்ஷாஃப்ட்டின் முனையில் இணையும் டிஸ்ட்ரிபியூட்டர். அதன் ஓ-ரிங் இறுகினால் எண்ணெய் கியர் பாக்ஸ் பக்கமாக இறங்கி, பின்பக்கக் கிராங்க் சீல் போய்விட்டது போல ஏமாற்றும். சில நூறு ரூபாயில் முடியும் வேலைக்குக் கியர் பாக்ஸையே இறக்கும் தவறு இங்கேதான் நேர்கிறது.

டைமிங் பெல்ட் பக்கத்தில் கேம் சீலும் முன்பக்கக் கிராங்க் சீலும் இருக்கின்றன. இவற்றிலிருந்து வரும் எண்ணெய் டைமிங் பெல்ட்டை நனைத்து ஊறச்செய்யும். ஊறிய பெல்ட் பல் இழந்து அறுந்தால் கார் நடுவழியில் நின்றுவிடும். வால்வும் பிஸ்டனும் மோதும் வடிவமைப்புள்ள எஞ்சின்களில் சேதம் இன்னும் பெரியது. அதனால் டைமிங் பெல்ட் மாற்றும்போதே இந்த இரண்டு சீல்களையும் மாற்றிவிடுவது வழக்கம்.

ஆயில் பிரஷர் சுவிட்ச் சிறியது. ஆனால் அது எண்ணெய் அழுத்தம் முழுவதும் இருக்கும் வழியில் நிற்கிறது. அதன் உடலில் விரிசல் விட்டால் எண்ணெய் வேகமாக வெளியேறும். சுவிட்சின் ஒயர் செருகியில் எண்ணெய் ஊறியிருப்பது இதற்கு அடையாளம். ஆயில் ஃபில்டரில் பழைய ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டி நிற்க, அதன்மேல் புது ஃபில்டரைத் திருகிவிட்டால், எஞ்சின் எடுத்த சில நிமிடங்களில் எண்ணெய் கொட்டிவிடக்கூடும்.

அடியில் சேம்பர் பேக்கிங்கும் டிரெயின் போல்ட்டும். உயரமான வேகத்தடையில் அடிபட்டுச் சேம்பர் தகடு நெளிந்திருந்தால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. கடைசியில், எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் பின்பக்கக் கிராங்க் சீல். இரண்டும் சேரும் அடிப்பகுதியில் எண்ணெய் சொட்டி, மேலே எல்லாம் காய்ந்திருந்தால் மட்டுமே இதைக் குற்றம் சாட்டலாம். கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டு வண்டி வழுக்குவதும் உதறுவதும் துணைச் சான்றுகள்.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து

தூசி ஒட்டிய ஈரம் மட்டும் தெரிந்து, சொட்டு விழாமல், ஆயில் கேஜில் அளவும் குறையாமல் இருந்தால் அது கசிவின் தொடக்கம். கவனித்து வந்தால் போதும். சொட்டத் தொடங்கினால் கணக்குப் பார்க்க வேண்டும். 25 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், எஞ்சின் ஓடும்போது 10 நொடிக்கு ஒரு சொட்டு விழும் கசிவு மணிக்குச் சுமார் 14 மில்லிலிட்டரை இழக்கிறது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 144 மில்லிலிட்டர். ஏழு மணி நேர ஓட்டத்தில் ஒரு லிட்டர் போய்விடும். மூன்று லிட்டருக்கும் குறைவாகவே எண்ணெய் கொள்ளும் சிறிய எஞ்சினுக்கு அது பேரிங்கைக் கருக்கும் இழப்பு. எண்ணெய் சூடான மேனிஃபோல்டில் விழுவதும், டைமிங் பெல்ட்டில் படுவதும், பிரஷர் சுவிட்சிலிருந்து பீறிடுவதும் அளவு பார்க்காமல் உடனே சரிசெய்ய வேண்டியவை. ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் எஞ்சினை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

பழுதுநீக்கம்

டேப்பெட் கவர் வேலையைப் பொறுமையுள்ள எவரும் செய்யலாம். ஆறிய எஞ்சினில் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும்படி சிறிது சிறிதாகத் தளர்த்தி எடுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைப் பிளாஸ்டிக் சுரண்டியால்தான் எடுக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் இரும்பு சுரண்டி போடும் கீறல் புதுக் கசிவுக்கு வழியாகும். கவரின் விளிம்பு நேராக இருக்கிறதா என்று இரும்பு அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். தகட்டுக் கவரில் முன்பு மிகையாக இறுக்கியதால் போல்ட் துளைகளைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தால், தட்டி நேராக்கிய பிறகே புது பேக்கிங் போட வேண்டும். இரண்டு முகங்களிலும் எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக் கூடாது.

இறுக்குவது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக நடக்க வேண்டும். இந்தப் போல்ட்டுகளுக்குப் பல எஞ்சின்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவு விசையே போதும். அந்தந்த எஞ்சினின் சரியான எண் அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். கசிந்தால் இன்னும் இறுக்கு என்ற பழக்கம்தான் தக்கைப் பேக்கிங்குகளைப் பிளந்து, ரப்பர் பேக்கிங்குகளைப் பிதுக்கி வெளியே தள்ளியிருக்கிறது.

சிலிகான் பசை, கையேடு சொல்லும் இடங்களுக்கு மட்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே கோடு போதுமானது. அதிகமாகப் பூசினால் உள்ளே பிதுங்கும் பசை துணுக்குகளாக உடைந்து, சேம்பரிலுள்ள உறிஞ்சு சல்லடையை அடைத்து, எஞ்சினுக்கே எண்ணெய் கிடைக்காமல் செய்துவிடும். பசை முழுதாக இறுக 24 மணி நேரம் கொடுப்பது நல்லது.

ஆயில் சீல் மாற்றும்போது தண்டில் கீறல் விழாமல் பழையதை நெம்பி எடுப்பதே முதல் கவனம். பிறகு சீல் உட்கார்ந்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். பள்ளம் தட்டுப்பட்டால், இடம் அனுமதித்தால் புது சீலின் உதட்டைச் சற்றே வேறு ஆழத்தில் நிறுத்தலாம். இல்லாவிட்டால் தண்டின்மேல் மெல்லிய எஃகு உறை ஏற்றலாம். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். ரப்பர் உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவி, சீலின் விட்டத்துக்குப் பொருந்தும் குழாய்த் துண்டை வைத்து, சாயாமல் தட்டி ஏற்ற வேண்டும். டெஃப்லான் உதடுள்ள புதுவகைச் சீலுக்கு மட்டும் எண்ணெய் தடவக் கூடாது. அது வறண்ட தண்டின்மேல் ஏறி, தன் படலத்தைத் தானே பூசிக்கொள்ளும். பின்பக்கச் சீலுக்காகக் கியர் பாக்ஸ் இறங்கும்போது கிளட்ச் பிளேட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் அந்தக் கூலி இரண்டாம் முறை ஆகாது.

டிரெயின் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுவது மலிவான காப்பு. மரை போயிருந்தால் டெஃப்லான் டேப் சுற்றிச் சமாளிக்காமல், துளையில் புது மரைச் சுருள் வைக்க வேண்டும். ஆயில் ஃபில்டரின் வளையத்தில் எண்ணெய் தடவி, அது பிளாக்கில் தொட்ட பின் கையாலேயே முக்கால் சுற்றுத் திருகினால் பெரும்பாலான ஃபில்டர்களுக்குப் போதும். அடியில் செய்யும் எந்த வேலைக்கும் காரை ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து.

தற்காலிக வழிகள்

கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் திரவங்கள் இறுகிய ரப்பரை ஊதச்செய்து மென்மையாக்குகின்றன. சீல் லேசாக இறுகியிருந்தால் சில மாதம் பலன் தரலாம். கிழிந்த உதட்டையோ பிளந்த பேக்கிங்கையோ நெளிந்த தகட்டையோ அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அளவு மீறினால் நல்ல சீலும் தளர்ந்துவிடும். கெட்டியான கிரேடு எண்ணெய் ஊற்றுவது கசிவை ஓரளவு குறைக்கும். ஆனால் குளிர்ந்த எஞ்சின் எடுக்கும்போது மேலிருக்கும் பாகங்களுக்கு எண்ணெய் போய்ச்சேரத் தாமதமாகும். கையேட்டில் அனுமதித்த கிரேடுகளுக்குள் சற்றுக் கெட்டியானதைத் தேர்ந்துகொள்வது வரைதான் பாதுகாப்பு.

வேலை முடிந்த பின்

எண்ணெயைச் சரியான அளவுக்கு நிரப்பி, எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு, மாற்றிய இடத்தைத் துடைத்துப் பார்க்க வேண்டும். கேஜில் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க்ஷாஃப்ட் எண்ணெயை அடித்து நுரையாக்கி, கசிவை மறுபடி வரவழைக்கலாம். 100 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறையும், 1000 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறையும் அளவைக் குறித்துக்கொண்டால் பழுது தீர்ந்ததா என்பது உறுதியாகும்.

வடித்தெடுத்த எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் பயன்படுத்திய எண்ணெயும் வருகிறது. அதை மூடிய கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்பும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும். எண்ணெயில் ஊறிய துணியும் பழைய ஃபில்டரும் அதே வழியில் போக வேண்டியவை.